மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி... மறைந்ததும் மருந்தை நிறுத்தலாமா? வீட்டுத் தொட்டிக்கான முழு விளக்கம்

கடையிலிருந்து புதுசா ரெண்டு மீன் வாங்கி வந்து தொட்டியில் விடுறீங்க. நாலைந்து நாள் கழித்து ஒரு மீனின் வாலில் உப்பைத் தூவியது போல இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள். கடைக்காரரிடம் கேட்டு ஒரு மருந்து பாட்டில் வாங்கி வந்து ஊத்துறீங்க. மூணாவது நாள் புள்ளியைக் காணோம். 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று மருந்தை நிறுத்திடுறீங்க.

அடுத்த வாரம் தொட்டியில் இருக்கும் எல்லா மீன்களும் உடம்பு முழுக்கப் புள்ளியோடு நிற்கின்றன. அதற்கடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்குகின்றன.

மீன் வளர்க்கும் பல வீடுகளில் நடக்கும் கதை இது. மருந்து டூப்ளிகேட் என்றோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ நினைக்கத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் தவறு நடப்பது அந்த மூன்றாவது நாளில்தான். புள்ளி மறைந்தது நோய் குணமானதற்கான அறிகுறி இல்லை. ஏன்? என்ன செய்தால் மீன்கள் பிழைக்கும்? பார்க்கலாம்.

வெள்ளைப் புள்ளி நோய் என்றால் என்ன?

நன்னீர் மீன்களைத் தாக்கும் ஒரு செல் ஒட்டுண்ணியால் வரும் நோய் இது. அந்த ஒட்டுண்ணியின் பெயர் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். நிறைய பிள்ளைகள் பெறும் மீன் பேன் என்பது இந்தப் பெயரின் பொருள். பெயர் நீளமாக இருப்பதால் மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'இக்' என்கிறார்கள்.

இது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை, பூஞ்சையும் இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் இந்த நோய் போகாது.

கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி, ஏஞ்சல், டெட்ரா, கௌராமி, ஃபைட்டர் என்று எந்த நன்னீர் மீனுக்கும் வரலாம். மீனின் மேல் நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும், தோலின் மேலடுக்குக்கு உள்ளே புகுந்து மீனைத் தின்று வளரும் ஓர் ஒட்டுண்ணி. முழுதாக வளர்ந்தால் அரை மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதனால்தான் நம் வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

புள்ளி மறைந்தால் குணமாகவில்லையா?

இல்லை. இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதி சிகிச்சை முடிந்த மாதிரி.

முதல் கட்டம், மீனின் உடம்பில். தோலுக்கு அடியில் பாதுகாப்பாக இருந்து வளரும். தண்ணீரில் நாம் போடும் மருந்து இந்தக் கட்டத்தில் அதைத் தொடவே முடியாது.

இரண்டாவது கட்டம், தொட்டியின் அடியில். வளர்ந்து முடித்ததும் மீனை விட்டுக் கழன்று விழும். கூழாங்கல், செடி, ஃபில்டர் என எங்கேயாவது ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறை போட்டுக்கொள்ளும். உள்ளே இரண்டு நான்காக, நான்கு எட்டாகப் பிரியும். இப்படி ஒரே புள்ளியிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் உருவாகும். இந்த உறைக்குள்ளேயும் மருந்து சரியாகப் போகாது.

மூன்றாவது கட்டம், தண்ணீரில். உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும். இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு மீன் கிடைக்கவில்லை என்றால் செத்துவிடும். மருந்தோ, உப்போ அவற்றைக் கொல்வது இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான்.

இப்போது அந்த மூன்றாவது நாளுக்குத் திரும்பி வாங்க. புள்ளி மறைந்தது என்றால், முதல் கட்டத்தில் இருந்தவை கழன்று கீழே விழுந்துவிட்டன என்றுதான் அர்த்தம். கூழாங்கல்லுக்கு இடையில் அவை பெருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் மருந்தை நிறுத்திவிடுகிறோம். குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றைக் கொல்லத் தண்ணீரில் எதுவும் இல்லை. அடுத்த வாரம் பல மடங்கு புள்ளிகள் வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சுழற்சியின் வேகத்தை முடிவு செய்வது தண்ணீரின் வெப்பம். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். தண்ணீர் குளிர்ந்தால் அதுவே பல வாரங்களுக்கு இழுக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

புள்ளி தெரிவதற்கு முன்பே மீனின் நடத்தை மாறும். கல், ஃபில்டர் மீது உடம்பை உரசிவிட்டுச் சட்டென விலகும். துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு வராது. செவுள்கள் வேகமாக அசையும், நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

கடைசியாகச் சொன்ன மூச்சு வாங்குவதுதான் பெரிய ஆபத்து. ஒட்டுண்ணி செவுளையும் தாக்கும். சில மீன்கள் உடம்பில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல், செவுள் பாதிப்பாலேயே செத்துப்போவது உண்டு.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இந்த நோய் இல்லை என்பதையும் கவனிக்கணும்:

* ஆண் கோல்டு ஃபிஷ் இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும், முன்துடுப்பின் ஓரத்திலும் வரிசையாக வெள்ளை மொட்டுகள் வரும். இது இயல்பானது, மருந்து தேவையில்லை.
* பஞ்சு போலப் புசுபுசுவென்று வளர்ந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை அல்லது பாக்டீரியா தொற்று.
* டார்ச் அடித்துப் பார்க்கும்போது தங்கத் தூள் பூசியது போல மிக நுண்ணியதாக மின்னினால் அது 'வெல்வெட்' எனப்படும் வேறொரு ஒட்டுண்ணி நோய்.
* வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் ஒற்றைக் கட்டி இந்த நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. இக் புள்ளிகள் சில நாட்களில் இடம் மாறும், எண்ணிக்கை மாறும்.

புள்ளி உள்ள மீனை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் போதுமா?

போதாது. ஒரு மீனில் புள்ளி தெரியும்போதே தொட்டியின் அடியிலும், மற்ற மீன்களின் செவுளிலும் ஒட்டுண்ணி இருக்கலாம். எனவே ஒரு மீனுக்கு அல்ல, தொட்டி முழுவதுக்கும் சிகிச்சை தரணும்.

அல்லது, எல்லா மீன்களையும் வேறொரு தொட்டிக்கு மாற்றி அங்கே சிகிச்சை தரலாம். அப்போது பழைய தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல், தண்ணீர் 26 டிகிரிக்கு மேல் இருக்கும்படி இரண்டு வாரம் ஓட விடுங்க. ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காத குஞ்சுகள் தானாக அழிந்துவிடும். செடிகளும் நத்தைகளும் நிறைந்த தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளில் இவற்றைச் செய்யணும்.

1. தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போடுங்க. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் சுமார் 56 லிட்டர். மேலே விடும் இடைவெளி, கூழாங்கல் எல்லாம் போக ஏறக்குறைய 48 முதல் 50 லிட்டர்தான் இருக்கும். மருந்து அளவு தப்பிப்போவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

2. நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்க. ட்யூபைக் கூழாங்கல்லுக்குள் விட்டு அடியில் இருக்கும் அழுக்கோடு உறிஞ்சி எடுங்க. அங்கே ஒட்டியிருக்கும் உறைகளில் ஒரு பகுதி இதிலேயே வெளியேறிவிடும். புதுத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போட்ட பிறகே ஊற்றணும். வெப்பமும் பழைய தண்ணீருக்குச் சமமாக இருக்கணும்.

3. ஏர் பம்ப் 24 மணி நேரமும் ஓடணும். செவுள் பாதித்த மீனுக்கு ஆக்சிஜன்தான் முதல் மருந்து.

4. சாப்பாட்டைக் குறைங்க. மிச்சமாகும் உணவு தண்ணீரைக் கெடுக்கும்.

வழி 1: சூடும் உப்பும்

தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இந்த ஒட்டுண்ணி வகைகளில் பெரும்பாலானவற்றால் பெருக முடியாது. அதனால் ஹீட்டர் வைத்துத் தண்ணீரைச் சூடாக்குவது ரசாயனம் இல்லாத ஒரு சிகிச்சை.

ஆனால் ஒரே நாளில் ஏற்றிவிடக் கூடாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு 1 டிகிரி என்ற கணக்கில், ஒன்றிரண்டு நாட்களில் 30 டிகிரிக்குக் கொண்டு போங்க. ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்க. 50 லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர் என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் மாற்றும்போதும், தொட்டிக்குள் கை விடும்போதும் ஹீட்டர் பிளக்கைக் கட்டாயம் பிடுங்கி வைக்கணும்.

தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். அதே நேரம் மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். அதனால் ஏர் பம்ப் இல்லாமல் இந்த முறையைத் தொடவே வேண்டாம். அடிக்கடி கரன்ட் போகும் பகுதி என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருப்பது நல்லது.

இதனுடன் உப்பும் சேர்க்கலாம். அயோடின் சேர்க்காத கல் உப்பு போதும். லிட்டருக்கு 2 கிராம் வீதம், 50 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம். இதை மூன்று பங்காகப் பிரித்து, தனிப் பாத்திரத்தில் கரைத்து, 12 மணி நேர இடைவெளியில் ஒவ்வொரு பங்காக ஊற்றுங்க. மீன் மேல் உப்பை நேராகப் போடக் கூடாது.

ஒரு முக்கியமான விஷயம். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது உப்பு சேர்க்க வேண்டாம். தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும், மாற்றிய அளவுக்கு உப்பு சேருங்க. 12 லிட்டர் மாற்றினால் 24 கிராம்.

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீரை விரும்பும் மீன். அதற்கு 28 டிகிரியோடு நிறுத்திக்கொண்டு, உப்பை நம்பலாம். உப்பை அது நன்றாகவே தாங்கும்.

30 டிகிரி வந்து ஐந்து நாட்களுக்குப் பிறகும் புதுப் புள்ளிகள் கூடிக்கொண்டே போனால், அது சூட்டைத் தாங்கும் வகையாக இருக்கலாம். வெப்பத்தை மெதுவாக 26-க்கு இறக்கி, இரண்டாவது வழிக்கு மாறுங்க.

வழி 2: மருந்து

மீன் கடைகளில் வெள்ளைப் புள்ளிக்கு என்று விற்கப்படும் பாட்டில்களில் பெரும்பாலும் மாலகைட் கிரீன், ஃபார்மலின், மெத்திலீன் ப்ளூ, காப்பர் சல்பேட் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். காப்பர் சல்பேட் என்பது நம்ம ஊரில் மயில்துத்தம் என்று சொல்வதுதான். பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்க.

மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் சேர்ந்த மருந்து இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் ஃபார்மலின் தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைக்கும், சூடான தண்ணீரில் அதன் நச்சுத்தன்மையும் கூடும். எனவே இந்த மருந்தையும் 30 டிகிரி சூட்டையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுங்க.

மெத்திலீன் ப்ளூ செடிகளையும், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் பாதிக்கும். தனித் தொட்டியில் பயன்படுத்த மட்டுமே ஏற்றது.

காப்பர் சல்பேட்டில் பிழைக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தண்ணீர் எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. மளிகைக் கடையில் மயில்துத்தம் வாங்கிக் கை அளவில் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

மருந்து போடும் முன் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் எடுத்துவிடணும். இல்லையென்றால் போட்ட மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். யுவி விளக்கு இருந்தால் அதையும் அணைத்து வையுங்க. பாட்டிலில் சொன்ன இடைவெளியில், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிட்டு அடுத்த டோஸ் போடுங்க.

எந்த மீனுக்கு எது ஆகாது?

லோச், கெளுத்தி வகை மீன்கள், ஷார்க் என்ற பெயரில் விற்கப்படும் செதில் இல்லாத மீன்கள் மருந்துக்கு மிகவும் மென்மையானவை. டெட்ராக்களும் அப்படித்தான். இவற்றுக்குப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குவது வழக்கம். உப்பும் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம்.

நத்தை, இறால் இருக்கும் தொட்டியில் காப்பர் கலந்த மருந்து போட்டால் அவை செத்துவிடும். உப்பு, செடிகளில் பலவற்றை வாட வைக்கும்.

சிகிச்சை நடக்கும்போது மீன் தலைகீழாகச் சுற்றினாலோ, துள்ளினாலோ, மூச்சு அதிகமாக வாங்கினாலோ உடனே பாதித் தண்ணீரை மாற்றி, கார்பனைத் திரும்ப ஃபில்டரில் வையுங்க.

மொத்தம் எத்தனை நாள்?

கடைசிப் புள்ளி மறைந்த நாளை முதல் நாளாக வைத்து, அதிலிருந்து குறைந்தது 7 நாட்கள் சிகிச்சை தொடரணும். 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் மொத்தம் 10 முதல் 14 நாட்கள் ஆகும். தண்ணீர் குளிராக இருந்தால் இன்னும் அதிக நாட்கள் தேவைப்படும். காலண்டரில் கடைசிப் புள்ளி தெரிந்த தேதியைக் குறித்து வையுங்க. வீட்டில் வேறு யாராவது தொட்டியைப் பார்த்துக்கொண்டாலும் குழப்பம் வராது.

முடிந்த பிறகு வெப்பத்தை ஏற்றியது போலவே மெதுவாக இறக்குங்க. உப்பை ஒரே நாளில் வெளியேற்றாமல், வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைங்க.

இந்தத் தவறுகளைச் செய்யாதீங்க

* தொட்டியைக் காலி செய்து சோப்புப் போட்டுக் கழுவுவது. நல்ல பாக்டீரியா எல்லாம் போய், அம்மோனியா ஏறி, ஏற்கெனவே பலவீனமான மீன்கள் அதிலேயே சாகும்.
* பயத்தில் டபுள் டோஸ் போடுவது. மீன் மேல் இருக்கும் ஒட்டுண்ணியை எவ்வளவு மருந்தும் தொடாது, மீன்தான் போகும்.
* இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலப்பது.
* மஞ்சள் தூள், வேப்பிலை, பூண்டு என்று முயற்சி செய்து நாள் கடத்துவது. இந்த நோயில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.
* தொட்டியைத் தூக்கி வெயிலில் வைப்பது. பகலில் கொதித்து இரவில் குளிர்வது மீனுக்கு இன்னொரு அடி.

நோய் எங்கிருந்து வருகிறது?

'எல்லாத் தொட்டியிலும் எப்பவுமே இருக்கும், குளிர் வந்தா வெளியே வரும்' என்று பலர் சொல்வார்கள். இது முழு உண்மை இல்லை. மீன் இல்லாமல் இந்த ஒட்டுண்ணியால் நீண்ட நாள் வாழ முடியாது. புது மீன், மீன் இருந்த தொட்டியிலிருந்து வந்த செடி, ஈரமான வலை, கடைத் தண்ணீர் இவற்றோடுதான் உள்ளே வரும்.

ஆனால் குளிருக்கும் இதில் பங்கு உண்டு. மார்கழி, தை மாதங்களில் ஹீட்டர் இல்லாத தொட்டியின் வெப்பம் இரவில் சட்டென இறங்கும். மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும். செவுளில் ஒன்றிரண்டாக ஒளிந்திருந்த ஒட்டுண்ணி அப்போது கை ஓங்கும். ஒருமுறை பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும். அது நலமாகத் தெரிந்தாலும், புது மீனுக்கு நோயைக் கொடுக்கக்கூடும்.

மறுபடி வராமல் தடுப்பது எப்படி?

சென்னையில் கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் ஒரே நாளில் பல கடைகள் ஏறி இறங்கி மீன் வாங்குவது வழக்கம். வாங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்க. நீங்க கேட்ட மீன் நன்றாக இருந்தாலும், அதே தொட்டியில் வேறொரு மீனில் புள்ளி இருந்தால் வாங்காதீங்க.

வீட்டுக்கு வந்ததும் கவரில் இருக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் விடுங்க. அதுவும் நேராகப் பெரிய தொட்டியில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். அதில் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் தனியாக வைத்துப் பாருங்க. புதுச் செடியையும் மீன் இல்லாத வாளியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துவிட்டுப் பிறகு நடுங்க. ஒரு தொட்டிக்குப் பயன்படுத்திய வலையை நன்றாக வெயிலில் காய வைத்த பிறகே அடுத்த தொட்டியில் விடணும். காய்ந்தால் ஒட்டுண்ணி செத்துவிடும்.

மனிதர்களுக்குப் பரவுமா?

பரவாது. வீட்டில் இருக்கும் நாய், பூனைக்கும் வராது. ஆனால் மருந்து விஷயத்தில் கவனம் தேவை. மாலகைட் கிரீன் உடலுக்குத் தீங்கானது என்பதால் உணவுக்கான மீன்களுக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அனுமதி இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்க, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்க. மருந்து கலந்த தண்ணீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றாதீங்க.

இறால் பண்ணைகளில் பேசப்படும் வெள்ளைப்புள்ளி நோய் வேறு. அது வைரஸால் இறால்களுக்கு வருவது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மீன் தொட்டியில் வரும் இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், சீக்கிரம் கவனித்து ஒழுங்காகச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றிவிடக்கூடிய நோய்தான் இது. மூன்றாவது நாள் புள்ளி மறையும்போது மருந்து பாட்டிலை மூடி வைத்துவிடாதீங்க. தொட்டியின் அடியில் அடுத்த கூட்டம் தயாராகிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு வாரம் பொறுமையாகத் தொடர்ந்தால் உங்க மீன்கள் பிழைக்கும்.